தொட்டால் ஒலிக்கும் மண்சுவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரிக் கலைவிழாவுக்கு 6 அடி நீளம், 5 அடி உயரத்தில் மண்சுவர் எழுப்பி, கை வைத்தால் தவில் ஒலிக்கும்படி செய்ய இருக்கிறோம். மாதிரிப் பூச்சு முழுக்க வெடித்துவிட்டது. சிமென்ட் கலக்கலாமா?
– மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டவே வேண்டாம். பலர் கை பட்டால் சுவர் தேயத்தான் செய்யும். மண் பூச்சு என்றால் தேய்ந்த இடத்தை நனைத்து, அதே மண்ணைக் குழைத்துத் தடவினால் போதும். சிமென்ட் கலந்துவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் எப்போதும் தனியாகத் தெரியும்.

வெடிப்புக்குக் காரணம் களி அதிகம், மணல் குறைவு. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று பிரியும். களி கால் பங்கைத் தாண்டினால் மணல் சேர்த்தே ஆக வேண்டும். எவ்வளவு? மண் ஒரு பங்குக்கு மணல் 1, 2, 3 பங்கு என மூன்று கலவை குழைத்து, சாண் அகலத்துக்குப் பூசிக் காயவிடுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. தேய்த்ததும் பொடி கொட்டினால் மணல் கூடிவிட்டது. இரண்டும் இல்லாததே உங்கள் கலவை.

தேவனாம்பட்டினம் பக்கத்தில்தானே என்று கடற்கரை மணலை அள்ளிவிடாதீர்கள். உப்பு வெள்ளையாகப் பூத்து, பூச்சு செதில் செதிலாக உதிரும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும்.

முக்கால் அடிச் செங்கல் மேடை கட்டி, 2 அடிக்கு ஒரு சவுக்குக் கழி நிறுத்தி, மூங்கில் பிளாச்சு பின்னி, இரு பக்கமும் 2 அங்குலம் அப்புங்கள். குழைத்த மண் 10 கன அடி பிடிக்கும். மிதித்தால் அமுங்கும் என்பதால் மண்ணும் மணலுமாக உதிரியாய் 15 கன அடி வேண்டும். நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதித்து, ஒரு வாரம் புளிக்கவிட்டால் நன்றாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைக்கு அடியில்கூட மெதுவாகத்தான் காயும். விழாத் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: பூச்சுக்குள் செப்புப் பட்டை பதித்து, தொடுதலை உணரும் எம்.பி.ஆர்.121 மின்னணு போர்டில் இணைத்தோம். யாரும் தொடாமலே ஒலிக்கிறது!
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மண்ணில் ஈரம் இருக்கிறது. ஈர மண் மின்சாரத்தைக் கடத்தும். போர்டின் 12 தொடுபுள்ளிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அடிப்பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகே பட்டையை, மேலும் கீழும் வார்னிஷ் பூசி ஒட்டுங்கள். அதன்மேல் 3 மில்லிமீட்டர் மெல்லிய பூச்சு போதும். தடிமனானால் விரலை உணராது. வயர் ஒரு அடிக்குள் இருக்கட்டும். கடற்காற்றின் ஈரம் காலையும் மாலையும் மாறுவதால், தினமும் திறக்கும் முன், யாரும் சுவரைத் தொடாதபோது போர்டை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அந்த நேரத்து ஈரத்தை அது புதிய அளவாக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: குழந்தைகள் விரலால் வரைய மண்ணிலேயே வண்ணம் செய்யலாமா?
– வில்லியனூர்

பதில்: தாராளமாக. செம்மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, மேலே உள்ள கலங்கலை மட்டும் வேறு வாளிக்கு ஊற்றுங்கள். மறுநாள் அடியில் படியும் நைசான மண்தான் வண்ணம். அரிசிக் கஞ்சி கொஞ்சம் சேர்த்தால் சுவரில் ஒட்டும். கஞ்சி மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே அன்றன்றைக்குக் கலந்துகொள்ளுங்கள்.