249 கிராமா, 720 கிராமா? ட்ரோன் வாங்குவோரின் கேள்விகளும் பதில்களும்

டிஜேஐ நிறுவனத்தின் மினி 4 ப்ரோ ட்ரோன் வாங்கலாமா, ஏர் 3 வாங்கலாமா? இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த இரண்டைப் பற்றித்தான். இரண்டுமே 2023-இல் வந்தவை. ஏர் 3 ஜூலையில் வந்தது, மினி 4 ப்ரோ செப்டம்பரில். அடுத்த மாடல்கள் வந்த பிறகும் செகண்ட்ஹேண்டில் இவற்றைத் தேடுகிறவர்கள் அதிகம். கேமராவைப் பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். எடையைப் பற்றி ஒருவர்தான் கேட்டிருக்கிறார். நான் முதலில் பார்ப்பது எடையைத்தான்: மினி 249 கிராம், ஏர் 3 720 கிராம்.

ஏர் 3-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குப் படமும் அந்த அளவு நன்றாக இருக்குமா? (டொராண்டோ வாசகர்)

இருக்காது. இரண்டின் முதன்மைக் கேமராவும் கிட்டத்தட்ட ஒன்றே: 1/1.3 அங்குல சென்சார், 48 மெகாபிக்சல், எஃப் 1.7 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), 24 மி.மீ. அகலப் பார்வை. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்று சொல்வது கடினம். அறிமுக விலை மினிக்கு 759 டாலர், ஏர் 3-க்கு 1,099 டாலர். அந்த வித்தியாசத்துக்குக் கிடைப்பவை தூரத்தை இழுத்துக் காட்டும் 70 மி.மீ. இரண்டாவது லென்ஸ், 34 நிமிடத்துக்குப் பதிலாக 46 நிமிடம் பறக்கும் பேட்டரி, காற்றைத் தாங்கும் உடம்பு.

அந்த 70 மி.மீ. லென்ஸை லேசாக நினைக்காதீர்கள். 24 மி.மீ.யில் தூரத்து மலை சின்ன மேடு போலத் தெரியும். 70-க்கு மாறி, ட்ரோனைப் பின்னால் தள்ளி வைத்து எடுத்தால், முன்னால் இருக்கும் வீடு அதே அளவில் நிற்க, பின்னால் மலை எழுந்து நிற்கும். ஆடுமாடு, பறவைகளைக் கலவரப்படுத்தாமல் தள்ளி நின்றும் எடுக்கலாம். நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் இந்த லென்ஸில் வந்தவை. ஆனால் அது எஃப் 2.8. முதன்மை லென்ஸுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம்தான் இதற்குக் கிடைக்கும். சூரியன் இறங்கியதும் 24-க்கே திரும்பிவிடுங்கள்.

உங்கள் ஊரில் 250 கிராம் முதல் 25 கிலோ வரையுள்ள ட்ரோன்களைப் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும். மினிக்கு இரண்டும் தேவையில்லை. தேர்வு எழுத நேரம் இருந்தால், மலையும் ஏரியும் எடுக்கும் ஆசை இருந்தால், ஏர் 3 வாங்குங்கள். குழந்தைகளோடு பூங்காவில் பறக்கவிட மட்டும் என்றால் மினி போதும்.

துபாயிலிருந்து மச்சான் வருகிறார். ஏர் 3 வாங்கி வரச் சொல்லட்டுமா? கல்யாண வீடியோ எடுக்கிறேன். (கோவை வாசகர்)

தயவுசெய்து சொல்லாதீர்கள். 2022 பிப்ரவரி 9 அன்று இந்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கைப்பையில் கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதான். சுங்கத்தில் பிடிபட்டால் மச்சானுக்கு மன உளைச்சல், உங்களுக்குப் பண நஷ்டம்.

அதைத் தாண்டினாலும் 2021 ட்ரோன் விதிகள் இருக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைச் சொந்த விருப்பத்துக்குப் பறக்கவிட்டாலும் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பது வணிகம், அங்கே 720 கிராம் ட்ரோனுக்குச் சான்றிதழ் கட்டாயம். இந்தியாவில் முறையாக விற்கும் ட்ரோன் ஒன்றைப் பாருங்கள். ரசீதோடு வாங்குங்கள். படம் ஒரு படி குறைவாக இருந்தாலும் நிம்மதியாகத் தொழில் செய்யலாம்.

மினி 4 ப்ரோவுக்கு ப்ளஸ் பேட்டரி போட்டால் 45 நிமிடம் பறக்குமாமே? (சிங்கப்பூர் வாசகர்)

பறக்கும். ஆனால் மொத்த எடை 250 கிராமைத் தாண்டிவிடும். உங்கள் நாட்டில் 250 கிராமுக்கு மேல் பதிவு கட்டாயம். இறக்கைக்குக் காப்புக் கூண்டு மாட்டினாலும் இதே கதை. மினி வாங்குவதே எடைக்காக. அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? சாதாரண பேட்டரி மூன்று உள்ள காம்போவை வாங்குங்கள்.

மலையேற்றம் போகிறேன். மினி காற்றைத் தாங்குமா? (ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் வாசகர்)

நிறுவனக் கணக்கில் மினி நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கி.மீ. காற்றைத் தாங்கும். ஏர் 3 நொடிக்கு 12 மீட்டர், சுமார் 43 கி.மீ. எண்ணில் சின்ன வித்தியாசம்தான். காற்றில் நின்று பார்த்தால் மினி ஆடிக்கொண்டே இருக்கும், ஏர் 3 அசையாமல் நிற்கும்.

2022 ஆடி மாதம் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே என் பழைய மினி 2-ஐப் பறக்கவிட்டேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 249 கிராம் எம்மாத்திரம்! காற்றோடு போனபோது வெண்ணெயில் கத்தி போல ஓடியது. திருப்பியபோது, தரை வேகம் பூஜ்யம். பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. உயரம் போகப் போகக் காற்று கூடும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தென்னை உயரத்துக்குக் கீழே இறக்கி, வேகமாகப் பறக்கும் ஸ்போர்ட் மோடில் போட்டேன். மெல்ல நகர்ந்தது. கடைசியில் ஒரு சோளக்காட்டில் இறக்கி, நடந்து போய் எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து முதலில் காற்றை எதிர்த்துத்தான் போகிறேன். திரும்பும்போது காற்றே கொண்டுவந்துவிடும். பேட்டரி பாதியானதும் திருப்பிவிடுகிறேன். மலைக்கு வாரம்தோறும் போவீர்கள் என்றால் ஏர் 3 வாங்குங்கள். பையில் அரைக் கிலோ கூடுதலாகச் சுமப்பது வீணாகாது.

பகலில் எடுத்த வீடியோ வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரிகிறது. ட்ரோன் பழுதா? (மதுரை வாசகி)

பழுதில்லை அம்மா, நம்மூர் வெயில்தான் காரணம். இந்த ட்ரோன்களில் லென்ஸின் திறப்பை மாற்ற முடியாது. உச்சி வெயிலில் எஃப் 1.7-இல் ஷட்டர் 1/8000 நொடி வரை ஓடும். ஒவ்வொரு ஃப்ரேமும் உறைந்த படமாக விழுவதால் அசைவு வெட்டுப்படுகிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/60 பக்கம் இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். அதற்குக் கறுப்புக் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். உச்சி வெயிலுக்கு என்டி 64 போட்டால் 1/125 அளவுக்கு வரும், அதுவே போதும். மாலையில் என்டி 16. புகைப்படம் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள்.

ரீல்ஸுக்கு எது?

மினி 4 ப்ரோ. கேமராவையே 90 டிகிரி திருப்பி, முழு சென்சாரிலும் நெட்டுக்கு 4கே எடுக்கிறது. ஏர் 3 நடுவில் வெட்டி 2.7கே தருகிறது.

செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

விற்பவரின் கணக்கிலிருந்து ட்ரோனை உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டு அப்புறம் அவருக்கு போன் போட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று ஆப்பில் பாருங்கள். பேட்டரி கொஞ்சம் உப்பியிருந்தாலும் வேண்டாம். கிம்பலை, அதாவது கேமராவை ஆடாமல் தாங்கும் பாகத்தை, மேலும் கீழும் முழுதாக ஆட்டிப் பாருங்கள். பிறகு பறக்கவிட்டு, கையை ரிமோட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் ஒரே இடத்தில் நின்றால் பேரம் பேசலாம்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

பேட்டரிகள் கைப்பையில்தான், லக்கேஜில் போடக் கூடாது. மினியின் பேட்டரி சுமார் 19 வாட்-மணி, ஏர் 3-இன் பேட்டரி சுமார் 62. இரண்டும் 100 வாட்-மணி வரம்புக்குள் வருகின்றன. முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போடுங்கள். போகிற நாட்டின் ட்ரோன் விதியை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். மொராக்கோ போன்ற சில நாடுகளில் ட்ரோனை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.