மூளைக்குள் போகாத மருந்து

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக எனக்கு ஒற்றைத் தலைவலி இருக்கிறது. மாதம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் சி.ஜி.ஆர்.பி. (வலியைக் கடத்தும் ஒரு தூதுப் பொருள்) எதிர்ப்பு ஊசியை மருத்துவர் பரிந்துரைத்தார். அது மூளைக்குள் போகாது என்றும் அவரே சொன்னார். பிறகு எப்படி அது வலியைக் குறைக்கும்? என் மூளையின் தடுப்பு பழுதாகிவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தடுப்பு பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். மூளையின் தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதால், உங்கள் ஊசியில் உள்ளதைப் போன்ற பெரிய புரதங்கள் மூளைத் திசுவுக்குள் மிகச் சொற்பமாகவே நுழைய முடியும். இதையே இரத்த–மூளைத் தடுப்பு என்கிறோம். ஆனால் இந்தக் காவல் தலைக்குள் எல்லா இடத்திலும் இல்லை. மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த வெளியுறையும், அந்த உறையிலிருந்து வலியுணர்வை ஏந்திச் செல்லும் முப்பிரிவு நரம்பின் முடிச்சும் (நரம்புச் செல்களின் திரள்) காவலுக்கு வெளியே இருக்கின்றன. மூளைத் திசுவுக்கோ வலியே தெரியாது. நோயாளி விழித்திருக்கும்போதே சில மூளை அறுவைச் சிகிச்சைகளைச் செய்ய முடிவது அதனால்தான். ஆகவே சி.ஜி.ஆர்.பி. என்ற வலித்தூதுப் பொருளை அந்த உறையிலும் முடிச்சிலும் மறித்தாலே பலருக்கு வலி குறைகிறது.

தடுப்பு கசிகிறது என்ற எண்ணம் காரணமின்றிப் பிறந்ததன்று. 1944இல் லியாவோ என்ற பிரேசில் ஆய்வாளர் முயலின் மூளைப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்), நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்து நரம்புச் செயலை அடக்கும் ஓர் அலையைக் கண்டார். சிலருக்குத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னும் ஒளிக்கோடுகளுக்கு அந்த அலையே காரணம் எனக் கருதப்படுகிறது. அத்தகைய அலை எலிகளில் தடுப்பைத் தளர்த்துவதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் பின்னர் மனிதர்களுக்கு வலி வந்திருந்த நேரத்திலேயே மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, அப்படியொரு கசிவு தென்படவில்லை.

2024இல் வெளியான கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. என்னை மிகவும் ஈர்த்ததும் அதுவே. சுண்டெலிகளில் இந்த அலைக்குப் பின், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் ஆராயப்பட்ட ஏறத்தாழ 1,400 புரதங்களில் 11 சதவீதப் புரதங்களின் அளவு மாறியது. முப்பிரிவு நரம்பு முடிச்சின் வேர்ப்பகுதியில் தடுப்பு இல்லாததால், திரவம் நேராக முடிச்சுக்குள் சென்று வலி நரம்புகளைத் தூண்டியது. தடுப்பு உடையாமலேயே மூளைக்குள் நடந்த செய்தி வெளியே எட்டிவிடுகிறது என்பதே இதன் பொருள். மனிதர்களில் இது இன்னும் நிறுவப்படவில்லை.

ஊசியைப் பொறுத்தவரை, முதல் மாதத்திலேயே பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வலி வந்த நாள்களைக் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.