திருவிழா நோட்டு

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் (ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் சமூகம்) பேரவையில் உறுப்பினராக இருக்கிறேன். என் சித்தி மகள் அமெரிக்காவில் வசிக்கிறாள். அவளுடைய பங்கில் பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாத விசுவாசிகள்) சிலர், பக்கத்துப் பங்குக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு நிறவெறிக்கு எதிராக வேலை செய்கிறார்களாம். பங்குச் சாமியார் சொல்லித் தொடங்கியதல்ல, அவர்களாகவே தொடங்கியது. அதைக் கேட்ட உற்சாகத்தில் எங்கள் பேரவைக் கூட்டத்தில், "நாமும் சாதியைப் பற்றி ஒருநாள் உட்கார்ந்து பேசலாமே" என்றேன். "அதெல்லாம் கிராமத்தில்தான். சென்னையில் ஏது? இல்லாததைக் கிளப்பாதீர்கள்" என்று ஒரு பெரியவர் பேச்சை முடித்துவிட்டார். சாமியாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் பல வருடம் பேரவையில் இருந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நான் கிளப்பியது தவறா? அவர்களுடைய நிறவெறியையும் நம் சாதியையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா? அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவரிடம் ஒன்று கேட்டிருக்கலாம். ஆகஸ்ட் 10 அன்று உங்கள் பங்கில் என்ன நடக்கும்? 1950இல் அந்த நாளில்தான் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியலில் இடம்பெற முடியாது என்றது அது. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும் இன்னும் வெளியேதான். ஆகவே திருச்சபை அதைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறது. திருமுழுக்குப் பெற்ற பிறகும் சாதிக் கொடுமை போகவில்லை, எனவே சலுகையும் போகக் கூடாது என்பது நம் வாதம். நியாயமான வாதம். ஆனால் ஆகஸ்ட் 10 அன்று டெல்லியைப் பார்த்து "எங்களிடம் சாதி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பேரவையில் "நம்மிடம் ஏது சாதி?" என்றால், இரண்டில் எதை நம்புவது?

இதற்கு நம் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மெட்ராஸ் நடைபாதையில் செருப்புத் தைத்தவர் சூசை. செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அந்தச் சாதியால் வரும் தாழ்வு புதிய சமூகத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அதாவது நீதிமன்றம் சாட்சியம் கேட்டது. அந்தச் சாட்சியம் பங்கு அலுவலக பீரோக்களில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். பிறகு வருகிறேன்.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. நிறத்தைப் பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம், சாதியை விசாரிக்க வேண்டும். "சொந்த ஊர் எது?" என்று தொடங்கி, "அந்த ஊரில் எந்தத் தெரு?" என்று வந்து, "அப்படியா, அங்கே இன்னாரைத் தெரியுமா?" என்று முடிகிற விசாரணையை சென்னையில் வாடகை வீடு தேடிய எவரும் அறிவார்கள். திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போதும் அது நடக்கும், கொஞ்சம் அன்பாக. வேற்றுமை அவ்வளவே. வேலை செய்கிற விதம் என்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடத்திலிருந்து இரண்டு கால்களைப் போல இரண்டு மண்டபங்கள் பிரியும். இரு சாதியினருக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் நடுச்சுவரை இடித்தார்கள். இடித்தது தவறு என்று நீதிமன்றத்துக்குப் போனவர்கள் யார்? பொதுநிலையினர். அமெரிக்காவில் 1962இல், கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று நியூ ஆர்லியன்ஸ் பேராயர் உத்தரவிட்டார். எதிர்த்துக் கிளம்பியதற்காகத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்ட மூவரும் பொதுநிலையினர். சாமியார்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை பேர் அடக்கச் செபம் சொல்லியிருப்பார்கள்! ஆனாலும் சுவருக்குக் காவல் இருந்தது பெரும்பாலும் நாம்தான். அதனால் ஆயர் சுற்றுமடல் அனுப்பட்டும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. மடல்கள் வந்துவிட்டன. சாதிக்குத் திருச்சபையில் இடமில்லை என்று இந்திய ஆயர் பேரவை 1982இலேயே சொல்லிவிட்டது. 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. உங்கள் பங்கில் அதை வாசித்தவர்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

உங்கள் சித்தி மகள் சொன்ன குழுக்களுக்கு ஒரு பழைய கதை உண்டு. தாமஸ் வயட் டர்னர் 1877இல் மேரிலாந்தில் பிறந்த கறுப்பினக் கத்தோலிக்கர், தாவரவியல் பேராசிரியர். வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1901இல் கொஞ்ச காலம் படித்தார். பின்னாளில் அதே பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 1920களில் அவர் கறுப்பினக் கத்தோலிக்கர்களின் கூட்டமைப்பு ஒன்றைக் கட்டினார். தலைமை கறுப்பினப் பொதுநிலையினரிடம் இருந்தது. கேட்டவையும் தெளிவானவை: பள்ளியில் இடம், பல்கலைக்கழகத்தில் இடம், குருமடத்தில் இடம். உடன் நின்ற வெள்ளையர்களில் ஜான் லஃபார்ஜ் என்ற இயேசு சபைக் குரு முக்கியமானவர். நல்ல மனிதர். 1938இல் போப் பதினொன்றாம் பத்திநாதர் (பயஸ்) நிறவெறிக்கு எதிராக ஒரு சுற்றுமடலை எழுதித் தரச் சொன்னது அவரிடம்தான், அது வெளிவராமலே போனது வேறு விஷயம். இந்த நல்ல மனிதரும் அவருடைய நண்பர்களும், உரிமை உரிமை என்று கேட்பதைவிட இரு இனத்தவரும் கூடிப் பேசி நல்லுறவு வளர்ப்பதே மேல் என்று நினைத்தார்கள். 1932இல் அமைப்பின் பெயர் மாறியது. டர்னர் தலைமையை இழந்தார். அமைப்பு இரண்டாக உடைந்தது. கதவைச் சாத்திய பல்கலைக்கழகம் 1976இல், அவருடைய 99ஆம் வயதில், கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இந்தக் கதையை நான் முன்பே படித்திருந்தால் எங்கள் பங்கில் இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

எங்கள் பங்கில் திருவிழா நோட்டு ஒன்று உண்டு. நீளவாக்கில் இருக்கும் கணக்கு நோட்டு, சிவப்புத் துணி ஒட்டிய அட்டை, முனைகள் நைந்து பஞ்சு தெரியும். கொடியேற்றத்திலிருந்து ஒவ்வொரு நவநாளும் (திருவிழாவையொட்டிய ஒன்பது நாள் செபத்தில் ஒரு நாள்) யார் உபயம், தேருக்குப் பூ யார், பந்தல் யார், விருந்து யார் என்று அதில் எழுதுவோம். கடைசி வரி மட்டும் மாறாது. "இலை எடுத்தல்: கால்வாய்க்கரை அன்பியம்." அன்பியம் என்றால் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. பதினொரு வருடம் அதே வரி. அதில் மூன்று வருடக் கையெழுத்து என்னுடையது. முந்தைய பக்கத்தைப் பார்த்து அடுத்த பக்கத்தில் எழுதினேன், அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் எழுதினேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வருடம் அந்த அன்பியத்தின் பொறுப்பாளர், மருத்துவமனையில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, எழுந்து கேட்டார்: "எங்களுக்கு எந்த நவநாள் சார்?"

"உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்றுதான் அம்மா" என்றார் பொருளாளர்.

"செலவு வேண்டாம் என்று நாங்கள் கேட்டோமா சார்?"

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு என்ன செய்தோம்? நல்லிணக்கக் குழு அமைத்தோம். ஏழு பேர். கால்வாய்க்கரையிலிருந்து ஒருவரும் இல்லை, ஒருவருக்கும் அது உறைக்கவும் இல்லை. மூன்று கூட்டம், தேநீர், பிஸ்கட், மறைக்கல்விப் பிள்ளைகளை வைத்து நல்ல சமாரியர் நாடகம். அடுத்த திருவிழாவுக்கும் இலை எடுத்தவர்கள் அவர்களே.

இரண்டாம் முறை அந்த அம்மாவையே குழுவுக்குத் தலைவராக்கினோம். பெருந்தன்மையால் அல்ல, வேறு யாரும் முன்வரவில்லை. அவர் உறவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நவநாளும் இலை எடுத்தலும் சேர்த்துப் பத்துச் சீட்டு, ஒரு எவர்சில்வர் குடம், புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்காத ஒரு குழந்தை. உத்திரமேரூர் குடவோலைதான். (அந்தக் குடத்தில் யார் பெயரெல்லாம் விழ அனுமதி இருந்தது என்பது தனிக்கதை.) பக்கத்து மூன்று பங்குகளின் அன்பியப் பொறுப்பாளர்களையும் சாட்சியாக வந்து உட்காரச் சொன்னார். அதுதான் சாமர்த்தியம். வெளியாட்கள் முன்னால் யாரும் "நாங்கள் இலை எடுப்பதா?" என்று வாய்திறக்க முடியவில்லை. அந்த வருடம் இலை எடுத்தல் பொருளாளர் இருந்த அன்பியத்துக்கு விழுந்தது. இரண்டு குடும்பங்கள் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கோயிலுக்குப் போய்விட்டன. பொருளாளர் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலை எடுத்தார், யாருடனும் பேசாமல். மற்ற மூன்று பங்குகளில் ஒன்று மறு வருடம் குடம் வைத்தது. மற்ற இரண்டும் வைக்கவில்லை.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. எங்கள் திருமணத் தகவல் மையத்தின் படிவத்தில் "உட்பிரிவு" என்ற கட்டம் இன்றும் இருக்கிறது. என் மகளுக்காக அதை நிரப்பியவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சாதி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் "அன்பு செய்யுங்கள்" என்று யாராவது பிரசங்கம் தொடங்குவார்கள். கடந்த பத்து வருடத் திருவிழா நோட்டுகளைக் கேளுங்கள். வாசகம் வாசித்தவர்கள் பட்டியல் இருந்தால் அதையும் கேளுங்கள். கடைசி வரியில் எந்த அன்பியத்தின் பெயர் இருக்கிறதோ, அங்கே முதலில் போய், அவர்கள் என்ன கேட்க விரும்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். குழு அமைத்தால் தலைமை அவர்களுக்கு. நோட்டு கிடைக்கவில்லை, கரையான் அரித்துவிட்டது என்றெல்லாம் சொல்வார்கள். சொன்னால், அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.