எல்லோருக்கும் தெரிந்த தீமையை ஓர் ஊரே சேர்ந்தும் ஏன் ஒழிக்க முடிவதில்லை?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் அந்தத் தீமையின் பெயர் சம்சு என்னும் மலிவுச் சாராயம். அதனால் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் என் லயத்திலேயே, எங்கள் வரிசை வீடுகளிலேயே, மூன்று பேர். அது ஒழிய வேண்டும் என்று சொல்லாத வாய் இங்கே இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் விற்பனை நடக்கிறது.

விற்பவர் யார் தெரியுமா? மாரியம்மன் திருவிழாவில் முதல் நாள் செலவை ஏற்கும் உபயக்காரர். நள்ளிரவில் பிரசவ வலி என்றால் வேனை எடுத்துக்கொண்டு ஓடிவருபவரும் அவர்தான். அவருடைய மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகத்தில் பாதி ஊரின் கடன் இருக்கிறது. என் அக்காள் கல்யாணத்துக்கு அரிசி மூட்டைகள் அந்தப் புத்தகத்தில் எழுதித்தான் வந்தன. அம்மா இரண்டு வருடம் ரப்பர் பால் வெட்டி அடைத்தார். அப்படிப்பட்டவரைப் பற்றிப் புகார் கொடுக்க யாருக்குக் கை வரும்? “நம்மவரை நாமே காட்டிக்கொடுப்பதா?” என்ற ஒரு சொல்லில் எல்லோரும் அடங்கிவிடுகிறோம்.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 1947இல் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் தெருவில் இறங்கி, போலீசாரோடு மோதும் அளவுக்குப் போனது. நம்மைவிட அவர்கள் ஏழைகள். ஆனால் எதிரே நின்றது வெள்ளைக்காரத் துரையின் நிர்வாகம். இன்று எதிரே நிற்பவர் எனக்கு மாமா முறை.

சென்ற ஆண்டு கோயில் கூட்டத்தில், அவருடைய உபயம் வேண்டாம் என்றேன். யாரும் மறுக்கவில்லை. பொருளாளர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “சரி தம்பி, 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) யார் பொறுப்பு?” அந்தக் கேள்வி நியாயமானது. மது ஒழிப்புப் பேச்சுகள் எத்தனையோ கேட்டிருக்கிறோம். ஒன்றுகூட அந்த 4,000 வெள்ளிக்குப் பதில் சொன்னதில்லை.

இப்போது வீட்டுக்கு 50 வெள்ளி என்று 80 வீடுகளில் கேட்டு வருகிறேன். 34 வீடுகள் கொடுத்துவிட்டன. முதலில் கொடுத்தவர் அந்த மூன்று பெண்களில் ஒருவர். அவருக்கும் அந்தக் கடையில் கடன் பாக்கி இருக்கிறது. ரசீதில் பெயர் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.