எடுத்த தேதி மாறாமல் படங்களை வெளி வட்டுக்கு மாற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிஜிட்டல் படங்களை வெளி ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ சேமித்து வைப்பது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தேதியையே சுற்றி வருகின்றன. ஒரே சிக்கலை வெவ்வேறு முனைகளிலிருந்து தொடும் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன். முதல் பதில் சற்று நீளமானது. பின்னால் வருபவை பலவும் அதைச் சார்ந்திருப்பதால் அதைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

கேள்வி: பல ஆண்டுப் படங்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு காப்பி செய்தேன். விண்டோஸில் பார்த்தால் எல்லாப் படங்களுக்கும் ‘டேட் கிரியேட்டட்’ என்ற இடத்தில் காப்பி செய்த நாளே இருக்கிறது. எடுத்த தேதி அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் அழிந்திருக்காது. ஒரு படக்கோப்புக்கு இரண்டு வகையான தேதிகள் உண்டு. கேமரா அல்லது கைபேசி படம் எடுத்த கணத்தில் கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது ஒரு வகை. கோப்பு எந்த வட்டில் இருக்கிறதோ அந்த வட்டின் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) தன் பதிவேட்டில் குறித்துக்கொள்வது இன்னொரு வகை. கடிதத்தின் உள்ளே எழுதியவர் இட்ட தேதிக்கும், உறையின் மேல் அஞ்சலகம் குத்திய முத்திரைக்கும் உள்ள வேறுபாடுதான் இது. உறையை மாற்றினால் முத்திரை மாறும், கடிதம் மாறாது.

உள்ளே எழுதப்படும் தேதிக்கு எக்ஸிஃப் என்ற தரநிலை இருக்கிறது. ஜப்பானின் மின்னணுத் தொழில்துறை அமைப்பு 1995இல் வெளியிட்ட இந்தத் தரநிலையைத்தான் இன்றுவரை ஏறத்தாழ எல்லா கேமராக்களும் கைபேசிகளும் பின்பற்றுகின்றன. அதில் தேதிக்கென்று மூன்று புலங்கள் உள்ளன: படம் எடுக்கப்பட்ட நேரம், அது டிஜிட்டல் வடிவம் பெற்ற நேரம், கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம். கைபேசியில் எடுத்த ஒரு படத்தை எக்ஸிஃப் காட்டும் கருவியில் திறந்தால், ‘2014:08:17 18:42:05’ என்பது போன்ற வரியைக் காண்பீர்கள். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கு நடுவிலும் முக்காற்புள்ளியே இருக்கும். முதல் இரண்டு புலங்களிலும் பெரும்பாலும் ஒரே நேரம்தான் இருக்கும். காப்பி செய்வது இந்த வரியைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் காப்பி என்பது கோப்பின் உள்ளடக்கத்தை ஒரு பைட் கூட மாறாமல் மறுபடி எழுதுவதுதான்.

நீங்கள் பார்த்த ‘டேட் கிரியேட்டட்’ என்பது அந்தப் பிரதி அந்த வட்டில் உருவான நேரம். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் காப்பி செய்யும்போது அதைப் புதிதாக இடுகிறது; ‘டேட் மாடிஃபைடு’ என்பதைப் பழையபடியே விட்டுவிடுகிறது. அதனால்தான் ஒரு படம் உருவாவதற்கு முன்பே திருத்தப்பட்டது போன்ற விசித்திரமான நிலை தோன்றுகிறது. எடுத்த தேதியைச் சரிபார்க்க, படத்தின் மேல் வலது சொடுக்கி ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று ‘டீடெய்ல்ஸ்’ பகுதியில் ‘டேட் டேக்கன்’ என்பதைப் பாருங்கள். அதே பகுதியின் அடியில் தனிப்பட்ட விவரங்களை நீக்குவதற்கான இணைப்பு ஒன்று இருக்கும். அதைத் தெரியாமல் சொடுக்கி, விவரங்களையும் தேதியையும் சேர்த்துத் துடைத்துவிட வேண்டாம். கோப்புறையில் ‘டேட் டேக்கன்’ நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி வரிசைப்படுத்தினால் உங்கள் படங்கள் எடுத்த வரிசையிலேயே வந்து நிற்கும்.

உருவான தேதியும் மாறக்கூடாது என்று கருதுவோர் விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்ற கட்டளைக் கருவியைப் பயன்படுத்தலாம். அது கோப்புகளின் நேரங்களை இயல்பாகவே அப்படியே கொண்டு செல்கிறது, கோப்புறைகளின் நேரங்களுக்கு மட்டும் தனித் தெரிவு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மேக்கின் ஃபைண்டர் இரண்டு நேரங்களையுமே காக்கிறது. ஆயினும் என் கருத்தில், உருவான தேதியைக் காப்பதற்காகப் பாடுபடுவது வீண். அடுத்த முறை வட்டு மாறும்போது அது மீண்டும் மாறக்கூடும். நம்ப வேண்டியது உள்ளே இருக்கும் தேதியை மட்டுமே.

கேள்வி: மேக்கில் ‘ஃபோட்டோஸ்’ செயலியிலிருந்து வெளி வட்டுக்கு அனுப்பும்போது எந்தத் தெரிவைப் பயன்படுத்த வேண்டும்? சில படங்களின் தேதியைச் செயலிக்குள்ளேயே திருத்தியிருக்கிறேன்.

உங்கள் இரண்டாவது வாக்கியம்தான் இதைச் சிக்கலாக்குகிறது. ‘எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைடு ஒரிஜினல்’ என்ற தெரிவு, கேமராவிலிருந்து வந்த கோப்பை எந்த மாற்றமும் இல்லாமல் வெளியே தருகிறது. பாதுகாப்புப் பிரதிக்கு அதுவே சரியானது. ஆனால் செயலிக்குள் நீங்கள் திருத்திய தேதி செயலியின் தரவுத்தளத்தில்தான் இருக்கிறது, மூலக் கோப்பில் எழுதப்படுவதில்லை. ஆகவே மூலக் கோப்பை வெளியே எடுத்தால் பழைய, தவறான தேதிதான் கூடவே வரும். தேதி திருத்திய படங்களை மட்டும் ஓர் ஆல்பமாகப் பிரித்து, அவற்றைச் சாதாரண ‘எக்ஸ்போர்ட்’ வழியாக, மிக உயர்ந்த தரத்தில் இன்னொரு முறை எடுத்து வையுங்கள். ஒன்றிரண்டை எடுத்துத் தேதியைச் சரிபார்த்த பிறகு மீதியைத் தொடர்வது நல்லது.

ஐஃபோனைக் கம்பி வழியாக விண்டோஸ் கணினியில் இணைப்போர் அமைப்புகளில் ‘ஃபோட்டோஸ்’ பகுதியின் இறுதியில் ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்கள் பெரும்பாலும் எச்இஐசி என்ற, கோப்பைச் சிறிதாக்கும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டால் கைபேசி அவற்றை ஜேபெக்காக மாற்றி அனுப்பக்கூடும், அப்போது உங்களுக்குக் கிடைப்பது மூலக் கோப்பு அல்ல.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு ‘டேட் டேக்கன்’ காலியாக இருக்கிறது. மீட்க முடியுமா?

அந்தக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது எக்ஸிஃப் விவரங்களைக் கழித்துவிடுகிறது. ஆண்ட்ராய்டில் கோப்புப் பெயரில் ‘டபிள்யூஏ’ என்பதற்கு முன்னால் எட்டு இலக்கத் தேதி ஒன்று இருக்கும். அது படம் உங்கள் கைபேசிக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. எடுத்த அன்றே அனுப்பப்பட்ட படமென்றால் அதைத் தோராயமாக ஏற்கலாம். படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பு இருக்குமானால் அதை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அவ்வாறு அனுப்பும்போது கோப்பு சுருங்குவதுமில்லை, தேதி தொலைவதுமில்லை.

திருத்து மென்பொருள்களிலும் இதே இழப்பு நேரலாம். ஏற்றுமதிச் சாளரத்தில் மெட்டாடேட்டா (படத்தோடு சேர்ந்திருக்கும் தேதி போன்ற விவரங்கள்) குறித்த ஒரு தெரிவு இருக்கும். காப்புரிமை விவரம் மட்டும் போதும் என்று அது அமைந்திருந்தால் எடுத்த தேதியும் விடுபட்டுப் போகலாம். எல்லா மெட்டாடேட்டாவும் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கூகுள் ஃபோட்டோஸில் இருந்த படங்களை டேக்அவுட் (நம் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் சேவை) வழியாக இறக்கி வெளி வட்டில் வைத்தேன். தேதிகள் எல்லாம் இறக்கிய நாளாகத் தெரிகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பும் (விவரங்களை உரையாக வைத்திருக்கும் சிறு கோப்பு) கிடக்கிறது. அதை அழித்துவிடலாமா?

அழிக்கவே வேண்டாம். கேமராவிலிருந்து எக்ஸிஃப் தேதியோடு மேலேற்றிய படங்களுக்கு அந்தத் தேதி உள்ளே அப்படியே இருக்கும். வெளியே தெரிவது சுருக்கக் கோப்பை விரித்ததால் ஏற்பட்ட முத்திரை மட்டுமே. ஆனால் மேலேற்றும்போதே எக்ஸிஃப் இல்லாதிருந்த படங்களுக்கும், தேதியைத் தளத்தில் நீங்களே திருத்திய படங்களுக்கும், சரியான தேதி அந்த ஜேசான் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது.

ஜேசான் கோப்பைச் சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். அதில் இரண்டு நேரங்கள் இருக்கும்: ஒன்று படம் மேலேற்றப்பட்ட நேரம், இன்னொன்று படம் எடுக்கப்பட்ட நேரம். பெயர்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் முதலாவதை எடுத்துக்கொண்டு தடுமாறுவோர் உண்டு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அங்கே பத்து இலக்கம் கொண்ட ஒரு எண் இருக்கும். அது 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து உலகப் பொது நேரப்படி கடந்த வினாடிகளின் எண்ணிக்கை. அதன் கீழேயே மனிதர் படிக்கக்கூடிய வடிவத்திலும் தேதி தரப்பட்டிருக்கும்.

இதைப் படத்துக்குள் எழுத ஃபில் ஹார்வி உருவாக்கிய எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி போதுமானது. ஒரு கோப்புறை முழுவதற்கும் ஜேசானிலிருந்து நேரத்தை எடுத்து எக்ஸிஃப் புலத்தில் எழுதும்படி ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, ஏற்கெனவே எக்ஸிஃப் தேதி உள்ள படங்களை விட்டுவிட்டு, இல்லாதவற்றுக்கு மட்டும் எழுதும்படி நிபந்தனை வையுங்கள். இல்லையேல் கேமரா எழுதிய உள்ளூர் நேரத்தின் மேல் உலகப் பொது நேரம் ஏறி உட்கார்ந்துவிடும். இரண்டாவது, பெயர்ப் பொருத்தம். நீளமான கோப்புப் பெயர்களை டேக்அவுட் வெட்டிவிடுகிறது. ஒரே பெயருள்ள இரு படங்களில் ஒன்றுக்கு ‘(1)’ என்று சேர்க்கும்போது, படத்தில் அது பெயருக்கும் நீட்சிக்கும் (‘.jpg’ போன்ற இறுதிப் பகுதி) நடுவிலும், ஜேசானில் படத்தின் நீட்சிக்குப் பின்னாலும் வருவதுண்டு. இப்படிப்பட்டவை கட்டளைக்கு அகப்படாமல் மிஞ்சும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு கோப்பையும் மாற்றும்போது பழைய கோப்பை வேறு பெயரில் பக்கத்திலேயே விட்டுவைக்கிறது. வட்டில் இடம் போகிறதே என்று அதை உடனே நீக்காதீர்கள்.

கேள்வி: ஒரே மாலையில் எடுத்த படங்களும் காணொளிகளும் வரிசையில் பல மணி நேரம் விலகி நிற்கின்றன. ஏன்?

எக்ஸிஃப் எழுதுவது கேமராவின் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரம். அது எந்த நேர மண்டலம் என்பதைக் குறிக்கப் பல ஆண்டுகள் இடமே இருக்கவில்லை, 2016இல் வந்த 2.31 பதிப்பில்தான் அதற்கெனப் புலம் சேர்ந்தது. எம்பி4, மூவ் காணொளிகளோ தரநிலைப்படி உலகப் பொது நேரத்தைப் பதிகின்றன. உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கும் ஓரிடத்தில் மாலை 6 மணிக்கு எடுத்த காணொளிக்குள் காலை 10 மணி என்றுதான் இருக்கும். மண்டலத்தைக் கணக்கிடும் செயலி அதை 6 மணியாகக் காட்டும். கணக்கிடாத செயலி 10 மணியாகவே காட்டும். போதாக்குறைக்கு, சில கேமராக்கள் தரநிலையை மீறி அந்த இடத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகின்றன. எனவே எல்லாக் காணொளிகளையும் மொத்தமாக நகர்த்தாமல், எந்தக் கருவியில் எடுத்தவை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எடுத்த நேரம் நன்கு தெரிந்த ஒரு காணொளியை வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காணொளியின் தேதி 1904 என்று தெரிந்தால் பதற வேண்டாம். அந்தக் கோப்பு வகை 1904 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணுகிறது. புலம் வெறும் பூச்சியமாக இருந்தால் அந்த நாள்தான் வரும்.

கேள்வி: வெளி வட்டை எக்ஸ்ஃபேட், ஃபேட்32, என்டிஎஃப்எஸ் இவற்றில் எதில் ஃபார்மட் செய்தால் தேதி பாதுகாப்பாக இருக்கும்?

எடுத்த தேதிக்கு எதுவும் ஒன்றுதான். கோப்பு முறைமை குறிக்கும் நேரத்தில்தான் வேறுபாடு. ஃபேட்32 திருத்த நேரத்தை இரண்டு வினாடித் துல்லியத்தில், நேர மண்டலம் இன்றி, உள்ளூர் நேரமாக எழுதுகிறது. இதனால் பிரதிகளை ஒப்பிடும் மென்பொருள்கள், மாறாத கோப்புகளையும் மாறியவை என்று எண்ணி மறுபடி முழுவதையும் காப்பி செய்யத் தொடங்கும். கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில் சரியாக ஒரு மணி நேர வேறுபாடு தோன்றும். இரண்டு வினாடி வேறுபாட்டையும் ஒரு மணி நேர வேறுபாட்டையும் பொருட்படுத்தாதிருக்க ரோபோகாப்பியில் தனித்தனித் தெரிவுகள் உள்ளன. என்டிஎஃப்எஸ் உலகப் பொது நேரத்தில் பதிவதால் இத்தொல்லை குறைவு. விண்டோஸிலும் மேக்கிலும் மாறி மாறிப் பயன்படுத்துவோருக்கு எக்ஸ்ஃபேட் ஏற்றது. ஃபேட்32இல் 4 ஜிபியை எட்டும் காணொளியை வைக்கவும் முடியாது. புதிய வட்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கேள்வி: பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்திருக்கிறேன். அவற்றுக்கு 1958, 1963 போன்ற ஆண்டுகளை இடலாமா?

இடலாம். எக்ஸிஃப் தேதி வெறும் எழுத்து வரி என்பதால் 1970க்கு முந்தைய ஆண்டுகளையும் ஏற்கும். எடுத்த நேரத்துக்கான புலத்தில் பழைய தேதியை எழுதி, டிஜிட்டல் வடிவம் பெற்ற நேரத்துக்கான புலத்தில் ஸ்கேன் செய்த தேதியை விட்டுவைப்பதே முறை; இரண்டு புலங்கள் இருப்பது இதற்காகத்தான். கோப்பின் திருத்த நேரத்தையும் 1958 ஆக்க முயலாதீர்கள்: ஃபேட் வகை வட்டுகளின் காலம் 1980இல்தான் தொடங்குகிறது. ஆண்டு மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று இட்டு, நாள் உறுதியில்லை என்பதை விளக்கப் புலத்தில் எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னாளில் பார்ப்பவர் புத்தாண்டு அன்று எடுத்த படம் என்று நம்பிவிடுவார்.

கேள்வி: கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தது. ஒரு பயணம் முழுவதும் 3 மணி நேரம் பிந்திய நேரமே பதிவாகியிருக்கிறது.

எல்லாப் படங்களின் நேரத்தையும் ஒரே அளவு நகர்த்தினால் போதும். எக்ஸிஃப்டூலும் பெரும்பாலான படத் தொகுப்பு மென்பொருள்களும் இதைச் செய்யும். அந்தக் கேமராவின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதே கோப்புறையில் சரியான நேரமுள்ள கைபேசிப் படங்கள் கலந்திருந்தால் அவையும் நகர்ந்துவிடும்.

கேள்வி: டிஜிட்டல் சட்டகத்தில் பென்டிரைவைச் செருகினால் படங்கள் கலைந்து வருகின்றன. எக்ஸிஃப் சரியாகத்தான் இருக்கிறது.

பல சட்டகங்களும் தொலைக்காட்சிகளும் எக்ஸிஃபைப் படிப்பதில்லை. கோப்புப் பெயரையோ திருத்த நேரத்தையோ வைத்து வரிசைப்படுத்துகின்றன. பென்டிரைவுக்கென ஒரு தனிப் பிரதி எடுத்து, அதில் எக்ஸிஃப் தேதியைக் கொண்டே கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள், நேரம் என்ற வரிசையில் பெயரிட்டு, திருத்த நேரத்தையும் எடுத்த நேரமாக மாற்றுங்கள். ஒரே வினாடியில் எடுத்த தொடர் படங்களின் பெயர்கள் மோதாமலிருக்கக் கடைசியில் ஒரு வரிசை எண்ணும் வேண்டும்.

கேள்வி: எல்லாம் வெளி வட்டுக்குப் போய்விட்டது. கைபேசியில் உள்ளவற்றை இப்போது அழிக்கலாமா?

முதலில் வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் செருகுங்கள். மிகப் பழைய படம் ஒன்று, இடைக்காலத்துப் படங்கள் சில, நேற்றைய படம் ஒன்று, ஒரு காணொளி ஆகியவற்றைத் திறந்து எடுத்த தேதியைப் பாருங்கள். ‘டேட் டேக்கன்’ காலியாக உள்ளவற்றை மட்டும் வடிகட்டி, அவை கைபேசியிலும் காலியாகத்தான் இருந்தனவா என்று ஒப்பிடுங்கள்; அங்கே தேதி இருந்து இங்கே இல்லையென்றால் நீங்கள் மாற்றிய வழியில் கோளாறு இருக்கிறது, மறுபடி எடுக்க மூலம் இன்னும் கையில் இருக்கும்போதே அதைத் தெரிந்துகொள்வது மேல். கோப்புகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். அதன் பின்னும் இன்னொரு வட்டில் இரண்டாவது பிரதி எடுக்கும்வரை கைபேசியில் இருப்பவற்றைத் தொடாதீர்கள்.