ஆறு நாளும் ஓடுகிறான், நேரம் குறையவில்லை

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். படிவம் 4 படிக்கும் மகன் 800 மீட்டர் ஓடுகிறான். வாரம் ஆறு நாளும் முழு மூச்சாகப் பயிற்சி செய்தும் ஆறு மாதமாக 2 நிமிடம் 12 விநாடியிலேயே நிற்கிறான். மாவட்டப் போட்டிக்கு 12 வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஓய்வு நாள்களைக் குறியுங்கள். திங்கட்கிழமைக் களைப்போடு செவ்வாயும் முட்டி மோதினால், கால் பழகுவது அரைகுறை வேகத்துக்குத்தான். உடம்பு பலப்படுவது ஓடி முடித்த பிறகு, சாப்பாட்டிலும் உறக்கத்திலும்.

வியாழனும் ஞாயிறும் ஓய்வு. திங்கள், புதன், சனி 30 முதல் 40 நிமிடம் மெது ஓட்டம். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். இதை வீண் என்று நினைக்காதீர்கள். 800 மீட்டருக்கான சக்தியில் பாதிக்கு மேல் மூச்சுக்காற்றின் பிராணவாயுவைக் கொண்டுதான் கிடைக்கிறது.

இலக்கு 2 நிமிடம் 8 விநாடி என்றால், 200 மீட்டருக்கு 32 விநாடி. செவ்வாய்க்கிழமை 200 மீட்டரை 6 முறை அதே 32 விநாடியில் ஓடட்டும், நடுவில் 2 நிமிட நடை. முதல் ஓட்டத்தையே 29-ல் முடித்துப் பெருமைப்படும் பையன்தான் ஐந்தாவதில் சரிவான். அடுத்தடுத்து இரண்டு முறை 34-ஐத் தாண்டினால் அன்றைக்குப் போதும். வெள்ளிக்கிழமை மேட்டில் 10 விநாடிப் பாய்ச்சல், 8 முறை; இறங்கும்போது நடை. மாலை இடி கேட்டால் திடலில் நிற்கவே கூடாது. செவ்வாய்ப் பயிற்சி தவறினால் புதனுக்கு மாற்றுங்கள், வியாழன் ஓய்வு அப்படியே இருக்கட்டும். 4, 8-ஆம் வாரங்களில் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். கடைசி வாரம் தூரம் பாதி, வேகம் அதே.

திடலின் சுற்று 400 மீட்டர் என்று நம்பிவிடாதீர்கள், சைக்கிளை உருட்டி அளந்து பாருங்கள். சைக்கிள் டயரின் வால்வு தரைக்கு நேராக வரும்போது ஒரு சுண்ணாம்புக் கோடு, ஒரு முழுச் சுற்று உருட்டியதும் இன்னொரு கோடு. இடைவெளி 2 மீட்டர் 8 சென்டிமீட்டர் என்றால், சக்கரத்தின் 96 சுற்றும் 32 சென்டிமீட்டரும் சேர்ந்தது 200 மீட்டர். அளவு 10 மீட்டர் குறைந்தாலே ஒன்றரை விநாடி ஏமாந்துபோகிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். அதில் எழுத வேண்டியது அவன்தான், நீங்கள் இல்லை. தன் உடம்பைத் தானே படிக்கத் தெரியாதவனுக்கு எந்த அட்டவணையும் உதவாது. எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பு, தூங்கிய மணி நேரம், பயிற்சியின் கடினத்துக்கு 10-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை நிமிடத்தால் பெருக்கினால் அன்றைய சுமை தெரியும்: 40 நிமிட மெது ஓட்டம் 3 என்றால் 120, 50 நிமிடக் கடினப் பயிற்சி 8 என்றால் 400. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறக் கூடாது. நாடி இரண்டு நாள் தொடர்ந்து வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடினால், அன்று மெது ஓட்டம் மட்டும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தும்போது சுரீரென்று வலித்தால், தைலம் தேய்த்து ஓடவிடாதீர்கள். எலும்பில் கீறல் விழுவது இப்படித்தான் தொடங்கும். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.