கல்லீரல் புற்று: ஆபரேஷனுக்கு முன்பே ஸ்கேன் சொல்லிவிடுமா?

கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட்டாகப் பதில் சொல்கிறேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்கள்தான்.

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலில் 4 செ.மீ. கட்டி. ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன என்று ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் சர்ஜன், "ஆபரேஷனுக்கு அப்புறம்தான் முழுசாத் தெரியும்" என்கிறார். ஏன் டாக்டர்?

அவர் சொல்வது சரி. குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் வெயின் மாதிரிப் பெரிய குழாய்க்குள் கட்டி புகுந்திருந்தால் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். அவர் யோசிப்பது, கட்டியை ஒட்டியுள்ள மிக நுண்ணிய குழாய்களுக்குள் புற்றணுக்கள் நுழைந்திருக்கின்றனவா என்பது. நாங்கள் இதை எம்.வி.ஐ. (மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்) என்போம். வெட்டி எடுத்த பகுதியை பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதியாகும். அது இருந்தால், ஆபரேஷனுக்குப் பிந்தைய முதல் 2 வருடங்களுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

கேள்வி: அதற்குத்தானே பயாப்சி இருக்கிறது?

ஊசியில் வருவது நூல் போன்ற ஒரு துணுக்கு. எம்.வி.ஐ. கட்டியின் ஓரத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஊசி அந்த இடத்தைத் தொடாவிட்டால் 'இல்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும், அதை நம்பவும் முடியாது.

கேள்வி: மைக்ரோஸ்கோப்பில் தெரிகிற விஷயம் ஸ்கேனில் எப்படித் தெரியும்? நம்பும்படியாக இல்லையே சார்.

அந்த அணுக்கள் தெரியாது. அவை செய்த வேலையின் விளைவு தெரியும். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் வெயின் வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கட்டியின் ஓரத்தில் உள்ள சின்னச் சின்ன போர்ட்டல் கிளைகளைப் புற்றணுக்கள் அடைத்துவிட்டால், அந்த இடத்துக்குத் தமனி ரத்தம் கூடுதலாகப் பாயும். கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய அரை நிமிடம் போல எடுக்கும் படத்தில், கட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக வெளிச்சம் தெரிந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு வழி உண்டு. கெடாக்செட்டிக் அமிலம் என்ற கான்ட்ராஸ்டை நல்ல கல்லீரல் அணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்ளும். 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் பளிச்சென்று இருக்கும்போது, கட்டியைச் சுற்றி மட்டும் கறுப்பாக இருந்தால் அங்கே அணுக்கள் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். இவற்றோடு கட்டியின் விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா, பிதுங்கியிருக்கிறதா, அளவு எவ்வளவு, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற, இந்தப் புற்றில் கூடக்கூடிய புரதம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்போம். இதில் தனியாக ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கேள்வி: நான் மென்பொருள் துறை. ரேடியோமிக்ஸ் ஆய்வுகளில் ஏ.யு.சி. 0.9 என்றெல்லாம் பார்க்கிறேன். அப்புறம் ஏன் ஆஸ்பத்திரிகளில் இதைக் காணோம்?

மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை: ஏ.யு.சி. என்பது, ஒரு கணினிக் கணிப்பு (மாடல்) நோய் இருப்பவரையும் இல்லாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்பதற்கான மதிப்பெண், 1 என்றால் பிழையே இல்லை. கட்டியின் எல்லையை ஸ்கேனில் வரைந்து, அதன் வடிவம், சாம்பல் நிற ஏற்ற இறக்கம், இழையமைப்பு போன்றவற்றை நூற்றுக்கணக்கான எண்களாக மாற்றி, எம்.வி.ஐ.யோடு பொருந்துகிற எண்களைத் தேர்ந்தெடுப்பதுதான் ரேடியோமிக்ஸ்.

முதல் சிக்கல் அந்த எண்களே. ஸ்கேனர் மாறினால், படத்தின் தடிமன் 1 மி.மீ.யிலிருந்து 5 மி.மீ. ஆனால், கான்ட்ராஸ்ட் சில நொடி முன்பின் ஆனால் எண் மாறும். எல்லையை நீங்கள் வரைந்தால் ஒன்று, நான் வரைந்தால் இன்னொன்று. அப்புறம், 200 நோயாளிகளை வைத்துக்கொண்டு 1,000 எண்களில் தேடினால் ஏதாவது ஒன்று பொருந்தத்தானே செய்யும்? அதே ஆஸ்பத்திரி நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்துவிட்டு 'சரிபார்த்தாயிற்று' என்று எழுதுவதை நான் கணக்கில் எடுப்பதில்லை. வேறு ஊர், வேறு இயந்திரம், அங்கேயும் நிற்கிறதா என்பதைப் பாருங்கள்.

சீனாவில் 495 நோயாளிகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வு எனக்குப் பிடித்தமானது. எல்லாத் தகவல்களையும் சேர்த்த மொத்த மாடல் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ரேடியாலஜிஸ்ட் கண்ணால் பார்த்துக் கொடுத்த மதிப்பீட்டுக்கு மேல் ரேடியோமிக்ஸ் குறிப்பிடத்தக்க அளவில் எதையும் கூட்டவில்லை என்று அவர்களே எழுதினார்கள்.

இன்னொரு கணக்கு, உதாரணத்துக்கு. 100 பேரில் 30 பேருக்கு எம்.வி.ஐ. இருக்கிறது, மாடல் இரு பக்கமும் 80 சதவீதம் சரி என்று வைப்போம். இருப்பவர்களில் 24 பேரைப் பிடிக்கும். இல்லாத 70 பேரில் 14 பேரையும் 'இருக்கிறது' என்று சொல்லும். ஆக 38 பேரிடம் கெட்ட செய்தி சொல்கிறோம், அதில் 14 பேருக்கு அது பொய். பெரிய ஆபரேஷனை இதை மட்டும் நம்பி மாற்றுவீர்களா?

கேள்வி: முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் என்ன மாற்றுவார்?

எவ்வளவு அகலமாக வெட்டுவது என்பதைத்தான் முதலில். சீனாவில் எம்.வி.ஐ.யைத் தரம் பிரிக்கிறார்கள். கட்டியிலிருந்து 1 செ.மீ.க்குள், 5 இடங்களுக்கு மிகாமல் இருந்தால் எம்1. அதற்கு மேல் எண்ணிக்கையோ தூரமோ போனால் எம்2. இதைப் பார்த்தாலே புரியும், சந்தேகம் இருக்கும்போது கட்டியை ஒட்டி வெட்டாமல், சுற்றிலும் அதிகம் சேர்த்து எடுக்க ஏன் நினைக்கிறார்கள் என்று. ஆனால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய் இருப்பவரிடம் அதிகம் வெட்டினால் மிஞ்சுகிற கல்லீரல் தாங்காது. அந்த இழுபறியில்தான் இந்தக் கணிப்பு உதவும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து கொடுத்துத் தடுக்கலாமே என்றும் கேட்கிறார்கள். ஐஎம்பிரேவ்050 என்ற பெரிய ஆய்வில் அட்டிசோலிசுமாப், பெவசிசுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2023-இல் நோய் திரும்புவது குறைந்தது போலத் தெரிந்தது. 2024-இல் வந்த நீண்ட காலக் கணக்கில் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

கேள்வி: அம்மாவுக்குப் பெருங்குடலில் இருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்று. இந்த மாடல்கள் பொருந்துமா?

பொருந்தாது. அது வேறு நோய், பரவும் வழியும் சிகிச்சையும் வேறு.

கேள்வி: ஃபிலிமைப் போனில் படம் எடுத்து அனுப்பினால் சொல்வீர்களா?

ஃபிலிமில் சில படங்கள்தான் இருக்கும், போன் படத்தில் கட்டியைச் சுற்றியுள்ள மெல்லிய நிற வித்தியாசம் போய்விடும். ஸ்கேன் எடுத்த இடத்திலேயே டைகாம் ஃபைல்கள் (ஸ்கேனரின் அசல் படங்கள்) உள்ள சி.டி. அல்லது பென் டிரைவ் கேட்டு வாங்கி, அதை உங்கள் சர்ஜனிடமே கொடுங்கள். கான்ட்ராஸ்ட் போட்ட எல்லாக் கட்டங்களும் அதில் இருக்கின்றனவா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். பாதி இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.